கதவுச் சத்தத்துக்கு ஆள் வைத்த கார்

ஒரு கார் நல்ல கார் என்பது எத்தனை வருஷம் ஓடிய பிறகு தெரியும்? வாங்கும்போதே தெரிந்துவிடும் என்கிறார் என் கணவர். விற்கப் போகும்போதுதான் தெரியும் என்கிறார் அப்பா. இருவர் சொல்வதும் சரி என்று தலையாட்டிப் பழகியவள் நான். தலையாட்டி முடித்துத் தனியாக உட்கார்ந்து யோசித்தால் பதில் கிடைப்பதில்லை.

இன்று காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது புதுச்சேரி சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது.

“மேடம், உங்க காரு ரெடி. வந்து எடுத்துக்கலாம்.”

“என்னங்க கெட்டுப்போயிருந்துச்சு?”

“இஷ்யூ கிளியர் ஆயிடுச்சு மேடம்.”

“அதான், என்ன இஷ்யூ?”

“சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருக்கோம். இப்ப எந்த எரரும் காட்டல மேடம்.”

குழந்தைக்கு ஏன் காய்ச்சல் வந்தது என்று கேட்டால், தெர்மாமீட்டரைக் கழுவி வைத்துவிட்டேன் என்று ஒரு மருத்துவர் பதில் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. “ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்று சொல்லிப் போனை வைத்தேன். கோபம் வரும்போதும் நன்றி சொல்லிவிடுவேன், வளர்ப்பு அப்படி. அதற்குள் அடுப்பில் ஒரு ஈடு இட்லி கல்லாகிவிட்டது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இரண்டு கார்கள். ஒன்று கணவர் ஆசை ஆசையாக வாங்கிய வெளிநாட்டுச் சொகுசுக் கார். இன்னொன்று அப்பாவுடையது. அதுவும் அதன் காலத்தில் சொகுசுக் கார்தான். நான் நாலாவது படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தது, இப்போது எங்கள் வாசல் கொட்டகையில் நிற்கிறது. கம்பெனிப் பெயர்களை எழுதப்போவதில்லை. எழுதினால் கணவர் வருத்தப்படுவார். கம்பெனிக்காரர்களுக்கு வருத்தமே வராது.

வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய காரைப் பார்க்க ஒருவர் வருகிறார். கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அப்பா என்னிடம் விட்டுவிட்டார். “நான் ஓட்டறதில்ல பாப்பா. உனக்கு வேணும்னா வெச்சுக்க, வேணாம்னா குடுத்துடு” என்கிறார். எங்கள் மகள் மகிழுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. சளி பிடித்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். இழுத்தால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ ஓட வேண்டும். பழைய காரைக் கொடுத்துவிட்டால் அவளைப் புதுக் காரில்தான் ஏற்ற வேண்டும். ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

புதுக் கார் வந்த அன்று அதற்குள் தலையை விட்டதும் செருப்புக்கடை வாசனை அடித்தது. அது விலையுயர்ந்த தோலாம். நான் அப்படிச் சொன்னதில் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. உடனே “நல்ல செருப்புக்கடைங்க” என்று திருத்திக்கொண்டேன். அப்பாவின் காரில் டீசலும் காய்ந்த களிமண் தூசியும் சேர்ந்த ஒரு வாசனை இருக்கும். எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் அவருக்குச் சின்னதாக ஒரு யூனிட் இருந்தது. பீங்கான் ஃபியூஸ் செய்தார்கள். இப்போது அந்த இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டுப் பேத்தியோடு விளையாடுகிறார். ஆனால் அந்தத் தூசி அவருடைய சட்டையில் வந்து, சட்டையிலிருந்து காருக்குள் ஏறி, அங்கேயே குடியிருந்துவிட்டது.

பீங்கான் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டோம். சூளையிலிருந்து வந்த சாமானை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். தொப்பென்று கேட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல். இந்தப் பழக்கம் பேட்டையோடு நிற்காது. அம்மா எவர்சில்வர் கடையில் தட்டைத் தட்டுவாள். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரைத் தட்டிப் பார்த்த மாமா ஒருவர் எங்கள் குடும்பத்தில் உண்டு. அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை.

அப்பா கார் வாங்கப் போன கதையும் இதுதான். புதுச்சேரியில் ஒரு பெரிய வீட்டில் கார் நின்றது. வெள்ளை நிறம், கப்பல் மாதிரி. அம்மாவும் நானும் போயிருந்தோம்; மெக்கானிக் அந்தோணி அண்ணனும் வந்திருந்தார். புரோக்கர் பானெட்டைத் திறந்து இஞ்சினைக் காட்டினார். அப்பா இஞ்சினைப் பார்க்கவில்லை. நேராகக் கதவருகில் போனார், விரலை மடக்கித் தட்டினார். தொப். பின்கதவைத் தட்டினார். அதுவும் தொப். முகம் மாறிவிட்டது.

“வாணாங்க. உள்ள கீறல் வுட்டிருக்குது.”

புரோக்கருக்குப் புரியவில்லை. “எங்கங்க கீறல்? பெயிண்டு கூட அடிக்கல சார், ஒரிஜினல்.”

“மேல இல்லங்க. உள்ள. சத்தத்துலயே தெரியுதே.”

“சார், இது காரு சார். ஃபியூஸ் கட்டை இல்ல.”

அப்பா கேட்கவில்லை. எங்களை அழைத்துக்கொண்டு தெருமுனை டீக்கடைக்கு வந்துவிட்டார். அந்தோணி அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அவருக்குக் கண்ணில் தண்ணீர்.

“அண்ணே, கணீர்னு கேட்டா அது தகரம்ணே. நீங்க வந்தீங்களே பஸ்ஸு, அதைத் தட்டிப் பாருங்க, நல்லா கணீர்னு கேக்கும். அதுக்காவ பஸ்ஸை வாங்குவீங்களா?”

அப்பா டீயைக் குடித்து முடித்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, “அப்ப காருக்குத் தொப்புதான் நல்லதுன்ற?” என்றார். “தொப்புதாண்ணே” என்றார் அந்தோணி அண்ணன். திரும்பிப் போய் வாங்கிவிட்டோம். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, தெருவில் நிற்கிற யாருடைய கார் கதவையும் அப்பா தட்டிவிட்டு, ஏமாந்தவனைப் பார்க்கிற மாதிரி அதன் சொந்தக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

ஆகவே கணவர் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா வந்தார், தட்டினார். தொப். மிக அழகான, ஆழமான தொப். பழைய காரைவிடவும் நல்ல தொப்.

“பரவால்ல மாப்ள” என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது.

கணவர் அதோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல், “மாமா, இந்தச் சத்தத்துக்குன்னே கம்பெனியில தனியா ஆளுங்க இருக்காங்க. கதவு சாத்தினா எப்படி கேக்கணும்னு ஆராய்ச்சி பண்ணி வெக்கறாங்க” என்றார்.

அப்பா தட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“சத்தத்துக்கு ஆளு வெச்சான். கதவுக்கு வெச்சானா?”

அன்றைக்குச் சிரித்தோம். கணவர்கூடச் சிரித்தார். எனக்கு அந்த வாக்கியம் காதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காரில் எதைப் பார்த்தாலும் இதே கேள்விதான் வருகிறது. முன்னால் ஒரு தாம்பாளம் அளவுக்குத் திரை. குளிர்ச்சியைக் கூட்டுவதற்கு அதற்குள் போய், ஒரு படத்தைத் தொட்டு, இன்னொரு படத்தைத் தள்ள வேண்டும். அதற்குள் ஒரு வேகத்தடை வந்துவிடும். இரவில் கதவோரம் நீல நிற விளக்கு எரிகிறது, கல்யாண மண்டபம் மாதிரி. மரம் போல் தெரிவது மரமில்லை. வெள்ளி போல் தெரிவது ஒரே கோடையில் மேல்தோல் உரித்துக்கொண்டு வந்தது. மகிழ் அதை நகத்தால் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். இஞ்சினைத் திறந்தால் இஞ்சினே தெரியாது. மேலே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி, அதன் மேல் கம்பெனிப் பெயர். கடனை அடைத்து முடிப்பதற்குள் ஆளுக்குக் காரும் காருக்கு ஆளும் சலித்துவிட வேண்டும் என்று கணக்குப்போட்டுச் செய்ததைப் போல இருக்கிறது. இதைச் சொகுசு என்கிறார்கள். இதை வாங்கியவரைப் பார்த்து ஊரும் வணக்கம் சொல்கிறது.

அநியாயமாகப் பேசுகிறேனோ? இருக்கலாம். பழையதெல்லாம் தங்கம் என்று சொல்கிற ஆளில்லை நான். அப்பாவின் கார் ஸ்டியரிங்கைத் திருப்ப மாவாட்டிப் பழகிய கை வேண்டும். ஏ.சி. என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டால் வண்டி மேடு ஏறாது. அம்மா அதில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிப் போனால் வாந்தி எடுக்காமல் திரும்பியதில்லை. அது கெட்டுப்போகாத காரும் அல்ல. அடிக்கடி கெட்டுப்போகும். ஆனால் எது கெட்டுப்போனது என்று எங்களுக்குத் தெரியும்.

திருச்சிக்குப் போகும் வழியில் வேப்பூர் பக்கம் ஒரு தடவை முன்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அப்பா ஓரங்கட்டினார், பானெட்டைத் தூக்கினார், பார்த்தார். தண்ணீர் போகிற ரப்பர் குழாயில் வெடிப்பு. “பாருங்க, இதான்” என்று அம்மாவுக்கும் எனக்கும் காட்டினார். நாங்களும் பார்த்தோம். பஞ்சர் கடையில் சைக்கிள் டியூப் வாங்கி இறுக்கிச் சுற்றினார். இஞ்சின் ஆறுகிறவரை ரோட்டோரக் கடையில் உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டோம். சால்னா வாசனை, லாரி டயர் வாசனை, சுட்ட ரப்பர் வாசனை மூன்றும் இன்றைக்கும் எனக்கு ஒரே வாசனைதான். அதற்குப் பிறகு எப்போது வேப்பூர் வந்தாலும், கார் சூடாகிவிட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வேன். சில தடவை எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதர் கேட்டும் இருக்கிறார்.

இதைச் சொன்னபோது கணவர் ஒரே போடாகப் போட்டார்: “உழைச்ச பழைய காரு மட்டும்தான் உன் கண்ணுல படுது. உழைக்காததெல்லாம் எப்பவோ காயலான் கடைக்குப் போயிடுச்சு. அது எப்படி உன் கண்ணுல படும்?” இயற்பியல் முதுகலை படித்தவள் நான். இந்த வாதத்தில் ஓட்டை இல்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆகவே வழக்கம்போலத் தலையாட்டினேன். “அதோட, இதுல சுத்தி ஏர்பேக் இருக்குது. மாமா வண்டியில என்ன இருக்குது?” என்றார். அதற்கும் தலையாட்டினேன். இடித்தால் என் குழந்தையைக் காப்பாற்றக்கூடியது புதுக் கார்தான். படித்தவள், பொறுப்பான தாய், என்ன செய்வாள்? அதில்தான் ஏற்றுவாள். ஏற்றினேன்.

ஸ்ரீமுஷ்ணத்தில் மகிழுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. பூவராகரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது உச்சிவெயில். கருவேப்பிலங்குறிச்சி வந்ததும் மகிழ் இளநீர் கேட்டாள். கணவர் ஓரமாக நிறுத்தி, எங்களுக்கு ஏ.சி. ஓடட்டும் என்று இஞ்சினை அணைக்காமல், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். பின் சீட்டில் குழந்தைக்கான தனி இருக்கையில் மகிழ் பெல்ட்டுக்குள் இருந்தாள். பக்கத்தில் நான்.

திரை ஒரு தடவை மின்னியது. அணைந்தது. ஏ.சி. நின்றது. அவ்வளவுதான், ஒரு சத்தம் இல்லை. கண்ணாடியை இறக்கும் பட்டனை அமுக்கினேன். இறங்கவில்லை. கதவை இழுத்தேன். குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்று பின்கதவுகளுக்குப் போட்ட பூட்டு, உள்ளிருந்து திறக்காது. போட்டவள் நானேதான். கண்ணாடியைத் தட்டினேன். கணவர் இளநீரோடு ஓடி வந்தார். வெளியிலிருந்து நாலு கதவையும் இழுத்தார். கார் தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது, எதுவும் திறக்கவில்லை. சாவியை அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார்.

கூட்டம் கூடிவிட்டது. வெளியே பேசியது உள்ளே எனக்கு நன்றாகவே கேட்டது.

“உள்ள குழந்தை இருக்குதுய்யா!”

“சாவி ஓட்டை எங்கய்யா காணோம் இதுல?”

“இவ்ளோ பெரிய காருக்கு ஓட்டையே இல்லையா? அப்ப என்னாத்துக்கு சாவி?”

களையெடுத்துவிட்டு வந்த அம்மா ஒருத்தர் கையிலிருந்த இரும்புக் களைக்கொட்டை நீட்டினார். “கண்ணாடிய ஒடைங்க சார். புள்ள மூஞ்சி செவக்குது பாருங்க.”

கணவர் அதைக் கையில் வாங்கினார். வாங்கிவிட்டு ஒரு கணம் தயங்கினார். “இது ஸ்பெஷல் கிளாஸுங்க…” என்றார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. பதற்றத்தில் யாருக்கும் வாயில் ஏதோ வரும். அந்த அம்மா குறை சொன்னார். “புள்ள என்னா சாதாவா?” என்றார்.

எனக்குள் அதற்குள் ஆயிரம் ஓடிவிட்டது. பெல்ட்டின் கொக்கி என் வியர்த்த விரலுக்கு நழுவியது. மகிழ் அழ ஆரம்பித்து, அழுகை இருமலாகி, இருமலில் அந்த இழுப்பு கேட்டது. எனக்குத் தெரிந்த இழுப்பு. கொக்கி ஒருவழியாகக் கழன்றதும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, புடவையோடு இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே புகுந்து, திரையின் மேல் முழங்காலை வைத்து, டிரைவர் பக்கத்துக் கதவின் கைப்பிடியை இழுத்தேன். திறந்துகொண்டது. முன்கதவு உள்ளிருந்து இழுத்தால் எப்போதும் திறக்குமாம். முதலிலேயே இழுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, வெளியே நின்ற யாருக்கும் தோன்றவில்லை. இன்ஹேலரைக் கொடுத்து, டீக்கடைப் பெஞ்சில் நிழலில் உட்கார வைத்தேன். இழுப்பு அடங்கியது. மகிழ் இளநீரைக் குடித்தாள். நான் அழுதேன்.

காரை ஒரு லாரியின் முதுகில் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அதன் கதவைச் சாத்தினார் அந்த லாரிக்காரர். சத்தம் பிரமாதமாக இருந்தது.

காரோடு வந்த புத்தகத்தைப் பிறகு படித்துப் பார்த்தோம். சாவிக்குள்ளே ஒரு சின்னச் சாவி ஒளிந்திருக்கிறதாம். கைப்பிடிக்குள்ளே ஒரு மூடி ஒளிந்திருக்கிறதாம். மூடிக்குள்ளே ஓட்டை ஒளிந்திருக்கிறதாம். ஒரு கதவைத் திறக்கிற வழியைத் திருடன்போல இத்தனை இடத்தில் ஒளித்து வைத்ததற்குப் பெயரும் சொகுசுதான். இருந்தாலும் படிக்காமல் ஏறியது எங்கள் தவறுதானே என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கார் ரெடி என்றுதான் இன்றைக்குப் போன். என்ன கெட்டது என்று தெரியாமல் சரியான கார்.

மதியம் மகிழ் தூங்கியதும், லாரியில் ஏற்றும்போதே கழற்றி வைத்திருந்த குழந்தை இருக்கையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பழைய காரின் பின் சீட்டில் வைத்துப் பார்த்தேன். நன்றாக உட்கார்ந்தது. கட்டுவதற்குப் பெல்ட் இல்லை. அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“பெல்ட்டா? இருந்துச்சே. சீட்டு கவரு தெச்சப்ப உள்ள வுட்டுத் தெக்கச் சொல்லிட்டேன்.”

“ஏம்பா?”

“கல்யாணம் காட்சின்னா பின்னாடி ஆறு பேரு ஒக்காருவோம். கொக்கி குத்துதுன்னு உங்கம்மாதான் சண்ட போட்டா.”

பிளேடை எடுத்து ரெக்ஸின் தையலைப் பிரித்தேன். உள்ளே இருந்தது. வெயிலே படாததால் பட்டை கறுப்பு மாறாமல் இருந்தது. கொக்கியில் துரு இல்லை. மாட்டினேன். பிடித்தது. வெடுக்கென்று இழுத்தேன். பிடித்தது. இன்னும் பலமாக, காலைச் சீட்டில் ஊன்றி இழுத்தேன். பிடித்தது. ஆனால் இழுத்தது நான். வேப்பூர் சாலையில் எதிரே வருகிற லாரி இல்லை.

முன்பென்றால் இதை யாரிடமாவது போய்க் கேட்டிருப்பேன். ஜங்ஷன் ரோட்டில் அந்தோணி அண்ணன் கடை இருந்தது. இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். அவர் மகனோடு துபாயில் இருக்கிறார். பக்கத்தில் சீட் தைக்கும் கடை, அதற்குப் பக்கத்தில் பழைய உதிரிபாகக் கடை, எதுவும் இல்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல மாட்டேன். தப்பாகவும் சொல்வார்கள். ஆனால் ஒரு பொருளைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, “தாங்கும்” அல்லது “தாங்காது” என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். தப்பாகச் சொன்னால் மறுநாள் அதே கடைக்குப் போய்ச் சண்டை போடலாம். இன்றைக்கு அந்தப் பழைய காரின் கம்பெனிக்குப் போன் செய்தேன். “அந்த மாடலை நாங்க சப்போர்ட் பண்றதில்ல மேடம்” என்றார்கள். தேங்க்ஸ் சொன்னேன்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இத்தனை வருஷம் சீட்டுக்கு அடியில் கிடந்த பெல்ட்டை ஒரு குழந்தைக்கு நம்பலாமா? நம்பக் கூடாது என்றால், அதே போல்ட்டில் புதுப் பெல்ட் மாட்டித் தருகிறவர்கள் கடலூர், புதுச்சேரி, திருச்சி பக்கம் யாராவது இருக்கிறார்களா? தெரிந்தவர்கள், செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். என்ன கார் வாங்கலாம் என்ற யோசனை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய காரைப் பார்க்க அவர் வருகிறார். அதற்குள் சொன்னால், வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிடுவேன்.